இரைச்சல் மாதிரி

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வயதால் வரும் மறதியைச் சொல்லவில்லை. அந்த வருடங்களில் எங்கள் காதுகள் எங்களுடையவையாக இல்லை. யார் என்ன சொன்னார்கள் என்று இப்போது எழுத உட்கார்ந்தால், அவர்கள் சொன்னதை எழுதுகிறேனா, எனக்குக் கேட்கத் தகுந்தது என்று இயர்பட் பொறுக்கிக் கொடுத்ததை எழுதுகிறேனா என்று பிரித்தறிய முடியவில்லை. தாரணி பேசியது மட்டும் விதிவிலக்கு. அதை நான் வெறுங்காதால் கேட்டேன்.

கோவையில் சரவணம்பட்டிப் பக்கம் மேம்பாலத்துக்கு மேல் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பகல் முழுக்கப் பாறையைத் துளைக்கிற சத்தம். அதைத் தாங்க முடியாமல்தான் எல்லோரும் இயர்பட் போடத் தொடங்கினோம். முதலில் பேருந்தில், பிறகு தெருவில், பிறகு வீட்டுக்குள், கடைசியில் தூக்கத்திலும். வெளியே இருக்கும் சத்தத்தை அதன் மைக் வாங்கும், வேண்டாததை எடுத்துவிட்டு வேண்டியதை மட்டும் காதுக்குள் விடும். ஒரு வீட்டில் இருக்கும் எல்லா இயர்பட்டும், போனும், லேப்டாப்பும், டிவியும் ஒரே கணக்கில் சேர்ந்திருக்கும். அந்த வீட்டுக்கு எது சத்தம், எது இரைச்சல் என்பதை அந்தக் கணக்கு தீர்மானிக்கும்.

விருந்தாளிக்கும் அதுதான் விதி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காதில் ஒரு மெல்லிய மணி அடித்து, "இந்த இல்லத்தின் ஒலியில் இணைகிறீர்களா?" என்று கேட்கும். காதை ஒரு தட்டுத் தட்டினால் இணைந்துவிடலாம். மறுப்பது, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் வைப்பதைப் போன்ற அவமரியாதை. நான் எந்த வீட்டிலும் மறுத்ததில்லை.

என் தொழில் புத்தகம் வாசிப்பது. ஒலிநூல் வெளியிடுகிறவர்களுக்கு, வீட்டில் துணி அலமாரிக்குள் மைக்கை வைத்து வாசித்துக் கொடுப்பேன். வாக்கியத்தைவிட வாக்கியங்களுக்கு நடுவே விழுகிற மௌனம்தான் எனக்குப் பிடிக்கும். ஒரு பாத்திரம் உண்மையைச் சொல்வதற்கு முன் நான் விடுகிற இடைவெளியை மென்பொருள் 'வெற்றிடம்' என்று வெட்டும். நான் பொறுமையாகத் திரும்ப ஒட்டுவேன். தனியாக வாழ்கிறவனுக்கு இந்த மாதிரி வேலைகளுக்கு நேரம் இருக்கும்.

பூபதி எங்கள் அடுக்ககத்திலேயே நான்காவது மாடியில் இருந்தான். என்னைவிடப் பத்து வயது சிறியவன். 'சண்டையில்லா வீடு' என்று ஒரு ஒலித்தொடர் நடத்தினான். கணவன் மனைவி எப்படி அமைதியாக வாழ்வது என்று வாராவாரம் அறிவுரை. நெய் ஒழுகுகிற குரல் அவனுக்கு. அவனுக்கு மைக் வாங்கிக் கொடுத்தவன் நான் என்பதால், அது மக்கர் செய்யும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவான். அந்த மைக்கின் பஞ்சு உறையிலிருந்து அவனுடைய எச்சில் நாற்றம் வரும். ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றி ஜன்னலோரம் வைத்த பிறகுதான் வேலையைத் தொடுவேன்.

அவன் மனைவி தாரணி. முன்பு ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். மகனின் படிப்பைக் காரணம் சொல்லிப் பூபதி வேலையை விடச் செய்தான். நான் போகும்போதெல்லாம் காபி கொண்டுவந்து வைப்பார். ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்னொருவர் மனைவி எதிரே வந்தால் முகத்தைப் பார்க்காமல் டம்ளரையோ தரையையோ பார்க்கும்படி வளர்க்கப்பட்டவன் நான். அதனால் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது. பாதங்கள் தெரியும். இடது பாதத்தின் மேல், கணுக்காலில் இருந்து விரல்வரை, ரோஜா நிறத்தில் சுருங்கிய ஒரு தீக்காயத் தழும்பு. பேசாமல் இருக்கத் தெரிந்த ஒரு பெண் என்று மனதுக்குள் அவரை மதித்து வைத்திருந்தேன். இப்போது அந்த மதிப்பை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பூபதி போன் செய்தான்.

"வேலுண்ணா, கொஞ்சம் மேல வர்றீங்களா? மைக்கு எம்பேச்ச எடுக்குது. இவ பேச்ச எடுக்க மாட்டேங்குது."

"அவங்க எதுக்குப் பேசணும்?"

"வர்ற சனிக்கிழமை கல்யாண நாளுங்ண்ணா. கேக்கறவங்க எல்லாம் 'உங்க வீட்டம்மா குரலக் கேக்கணும்'னு எழுதறாங்க. நானே டயலாக் எழுதிக் குடுத்துட்டேன். அவ வாசிச்சாப் போதும்."

போனேன். வாசலில் காதைத் தட்டினேன். கூடத்தில் மேசையில் லேப்டாப், மைக், ஒரு தாள். தாளின் தலைப்பில் 'என் கணவர் எனக்குக் கற்றுத்தந்த பொறுமை' என்று இருந்தது. தாரணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகன் மிதுன், பிளஸ் டூ படிப்பவன், தன் அறை வாசலில் சாய்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

வழக்கமான சோதனைகளைச் செய்தேன். ஒலி உள்ளே வரும் வழியாக லேப்டாப்பின் சொந்த மைக் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை, சரியான மைக்தான். மென்பொருளுக்கு மைக்கைத் தொட அனுமதி இருந்தது. வயரை மாற்றிச் செருகினேன். மைக்கின் அடியில் இருக்கும் ஊமைப் பொத்தான் அணைந்துதான் இருந்தது. குமிழைத் திருப்பிக் கூட்டினேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு," என்றேன். திரையில் பச்சைப் பட்டை துள்ளியது.

"அனைவருக்கும் வணக்கம்," என்றான் பூபதி, நெய்க்குரலில். துள்ளியது.

"இப்ப நீ பேசு," என்றான்.

பட்டை அசையவில்லை. எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கூச்சத்தில் வாயைத் திறக்காமல் இருக்கிறார் என்று நினைத்தேன்.

"கிட்ட வந்து பேசும்மா," என்றான் பூபதி. என்னிடம் திரும்பி, "அவ இப்பெல்லாம் பேசறதே இல்லீங்ண்ணா. முன்னாடியெல்லாம் காலைல ஆரம்பிச்சா ராத்திரிவரைக்கும் ஓடும். ஒரு வருசமா ஒரே அமைதி. பக்குவம் வந்துருச்சு. என் தொடரோட வெற்றியே அதானுங்களே" என்றான்.

"மைக்க ஒரு தட்டுத் தட்டுங்க," என்றேன், தாரணியின் பாதங்களைப் பார்த்தபடி.

நகத்தால் தட்டினார். டொக். பட்டை உச்சிவரை போய் விழுந்தது. அப்படியானால் மைக் அவரைக் கேட்கிறது. அவர் விரலைக் கேட்கிறது. குரலை மட்டும்தான் கேட்கவில்லை.

வேலைக்காகத்தான், முதல் முறையாக, அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

வாய் அசைந்துகொண்டிருந்தது. முணுமுணுப்பு இல்லை. வாய் அகலமாகத் திறந்து மூடியது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கத்திக்கொண்டிருந்தார். இரண்டு முழத் தூரத்தில் ஒரு பெண் கத்துகிறார், இயர்பட் அடக்கிவைத்த மின்விசிறியைப் போலவே அவரிடமிருந்தும் ஒரு ஓசையும் இல்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கை தானாகக் காதுக்குப் போனது. இயர்பட்டை உருவினேன். வெதுவெதுப்பாக, காதழுக்கு ஒட்டிய முனையோடு அது உள்ளங்கையில் விழுந்தது. ஜன்னல் வழியாகப் பாறை துளைக்கும் சத்தம் மண்டைக்குள் இறங்கியது. அதற்கும் மேலே ஏறி ஒரு கணீர்க்குரல்:

"பதினேழு நாலு அறுபத்தெட்டு! பதினேழு அஞ்சு எம்பத்தஞ்சு! பதினேழு ஆறு நூத்தி ரெண்டு!"

பதினேழாம் வாய்ப்பாடு. தாளில் இருந்த ஒரு சொல்லைக்கூட அவர் வாசிக்கவில்லை.

என் கையில் இயர்பட்டைப் பார்த்ததும் நிறுத்தினார். இருவரும் சும்மா இருந்தோம். எனக்குப் பிடித்தவை என்று நான் சொல்லிக்கொண்ட எல்லா மௌனங்களும் அந்த நேரத்தில் எனக்கு அசிங்கமாகத் தெரிந்தன.

"என்னங்ண்ணா, கண்டுபிடிச்சீங்களா?" என்றான் பூபதி.

"பாக்கறேன்."

இரைச்சல் நீக்கும் பகுதியைத் திறந்தேன். வீட்டில் பதிவு செய்கிற எல்லோரும் செய்வதுதான் இது. பேசத் தொடங்கும் முன் அறையின் இரைச்சலை மட்டும் கொஞ்ச நேரம் பதிவு செய்து, 'இதுதான் இரைச்சல்' என்று மென்பொருளுக்குக் காட்டுவோம். விசிறி, பிரிட்ஜ், பக்கத்து வீட்டு மிக்சி. பிறகு எங்கே அது வந்தாலும் மென்பொருள் கழித்துவிடும். அந்த மாதிரிக்கு இரைச்சல் மாதிரி என்று பெயர். நான் எப்போதும் என் வயர் ஹெட்போனைப் பையில் வைத்திருப்பேன், எந்த வீட்டுக் கணக்கிலும் சேராத பழைய சாமான். அதை நேராக லேப்டாப்பில் செருகி, பூபதியின் மாதிரியை ஓடவிட்டேன்.

விசிறிச் சத்தம். ஏதோ பாத்திரம் உருளும் சத்தம். பிறகு தூரத்தில், சமையலறைப் பக்கமிருந்து:

"ஏங்க... ஏங்க, கொஞ்சம் வாங்களேன்... ரசம் கால்ல கொட்டிருச்சுங்க... ஏங்க... ஐயோ, வாங்களேன்..."

நடுவில் மென்பொருளின் பணிவான குரல்: "மாதிரி போதவில்லை. தயவுசெய்து இரைச்சல் தொடரட்டும்." அதற்குப் பூபதி, மைக்குக்கு மிக அருகில், கிசுகிசுப்பாக, "ம்" என்கிறான். அவன் மூச்சு விடுவது கேட்டது. அவன் காத்திருந்தான். அவர் இன்னும் கூப்பிட்டார். கடைசியில் மென்பொருள், "நன்றி. இந்த இரைச்சலை இல்லம் முழுவதும் நீக்கலாமா?" என்று கேட்டது. ஒரு க்ளிக்.

கண்ணெதிரே அந்தப் பாதம் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் வைத்த பஞ்சு உறையைப் பார்த்தேன். ஈ ஒன்று அதன் மேல் உட்கார்ந்திருந்தது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவனிடம் சொன்னேன். "பூபதி, அவங்க குரலையே இரைச்சல்னு சொல்லிக் குடுத்திருக்க. வீட்டுக் கணக்குல ஏறியிருக்குது. இந்த வீட்டுல இருக்கற எந்த மெசினும் அவங்களக் கேக்காது. உன் காதும்தான்."

அவன் அதிர்வான் என்று எதிர்பார்த்தேன். தொடையில் தட்டிச் சிரித்தான்.

"அட, அதானா! நானும் என்னமோ நெனச்சேன். அன்னிக்கு அவசரமா ரெக்கார்டு பண்ணணும்னு இருந்தேனுங்ண்ணா. இவ பாட்டுக்கு உள்ளிருந்து கத்திட்டே இருந்தா. சரி, அதையும் சேத்து எடுக்கட்டும்னு விட்டுட்டேன். வீடு முழுக்கன்னு கேட்டப்ப ஆமான்னேன். ஆனா இவ்வளவு சுத்தமா எடுக்கும்னு நெனக்கலீங்."

"எதுக்குக் கத்தறாங்கன்னு போய்ப் பாக்கலையா?"

"அவ எப்பவும் கத்தறதுதானுங்களே." பிறகு என் பக்கம் நகர்ந்து, தோளில் கை வைத்தான். கை ஈரமாக இருந்தது. "ஒண்ணு பண்ணுங்ண்ணா. மைக்குக்கு மட்டும் தொறந்து விட்டுருங்க, சனிக்கிழமை பதிவுக்காக. காதுக்கு அப்படியே இருக்கட்டும். பழகிருச்சு. வீடு நிம்மதியா ஓடுது. எதுக்கு மறுபடியும் கெடுக்கறது?"

அறை வாசலில் நின்ற மிதுனைப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும் அங்கிள்," என்றான் போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "எக்ஸாம் டைம்ல நல்லாத்தான் இருந்துச்சு." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

எல்லா அமைப்புகளையும் அழித்துவிட்டுக் கீழே இறங்கிவிடலாம் என்று மவுசைக் கையில் எடுத்தேன். பூபதி சோபாவில் போய்ச் சாய்ந்து போனைப் பார்க்கத் தொடங்கியிருந்தான். அப்போது தாரணி எழுந்து வந்து, மேசைக்கும் சோபாவுக்கும் நடுவில் நின்றார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவன் முகத்துக்கு எதிரிலேயே, சாதாரணக் குரலில் என்னிடம் பேசினார்.

"ஏனுங்ண்ணா, கேக்குதுங்களா?"

தலையசைத்தேன்.

"இவருக்குக் கேக்காதுங்க. நீங்க பேசினா கேக்கும். அதனால ஒயரப் பத்திப் பேசற மாதிரியே பேசுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "இந்த... இந்த ஒயரு இப்படியே எத்தன நாளா இருக்குது?"

"போன தீபாவளிக்கு வாங்கினதுங்ண்ணா," என்றான் பூபதி.

"போன சித்திரையில இருந்துங்க," என்றார் தாரணி. "மொதல்ல நானே பைத்தியமாயிட்டேன்னு நெனச்சேன். கேட்டா பதில் இல்ல. கத்தினாப் பதில் இல்ல. மிதுன்தான் ஒரு நாள் பட்ஸக் கழட்டிட்டுச் சொன்னான், 'அம்மா, உன்னை ம்யூட்ல போட்டிருக்காங்க'ன்னு. சொல்லிட்டு மறுபடியும் மாட்டிக்கிட்டான்."

"உடனே சரி பண்ணியிருக்கலாமே," என்றேன், வயரைத் தடவியபடி.

"எங்கீங்ண்ணா நேரம்?" என்றான் பூபதி.

"அழுதேனுங்க. அழுதாலும் கேக்காதுன்னு தெரிஞ்சதும் அது நின்னுபோச்சு. அப்புறம் யோசிச்சேன். இந்த வீட்டுல நான் என்ன வேணாப் பேசலாமே. சந்தையில ஒரு பட்டன் போன் வாங்கினேன், எந்தக் கணக்குலயும் சேராதது. இதோ, இந்த சோபாப் பக்கத்துல நின்னுட்டுத்தான் கோத்தகிரி ஸ்கூலுக்குப் பேசினேன். ஹாஸ்டலோட வேலை. கணக்கு டீச்சர். போன்லயே இண்டர்வியூ. பதினோராங் கிளாசுக்கு வகைநுண்கணிதம் எப்படி ஆரம்பிப்பீங்கன்னு கேட்டாங்க, இருபது நிமிசம் சொன்னேனுங்க. இவரு கிரிக்கெட் பாத்துட்டு, நடுவுல எங்கிட்டத் தண்ணி வேணும்னு சைகை காட்டினாரு. ஒரு கையில போனு, ஒரு கையில சொம்பு."

சிரிப்பு வந்தது எனக்கு. அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

"வர்ற வெள்ளிக்கிழமை கிளம்பறேன். அதுவரைக்கும் எனக்கு இந்தச் செவிடு வேணுமுங்க. இப்பத் தொறந்து விட்டீங்கன்னா, தெரிஞ்சுபோயிடும். எங்கப்பா, எங்கண்ணன், இவங்கம்மான்னு பஞ்சாயத்து வெச்சு உக்கார வெச்சுருவாங்க. ரெண்டு தடவை ஆயிருக்குது. மூணாவது தடவை எனக்குத் தெம்பில்ல."

"அப்ப... மைக்க மட்டும் திறந்தாப் போதுமா?"

"அதானுங்ண்ணா நானும் சொன்னேன்," என்றான் பூபதி.

"இவரு சொன்ன மாதிரியே செஞ்சிருங்க," என்றார் தாரணி.

இருவரும் ஒரே உதவியைக் கேட்டார்கள். நான் செய்தேன். லேப்டாப்பில் இருக்கும் அந்த ஒரு மைக்குக்கு மட்டும் மாதிரியை நீக்கினேன். வீட்டின் மற்ற காதுகளை அப்படியே விட்டேன்.

தாரணி தாளை எடுத்துக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தார். நான் வயர் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பூபதி பக்கத்து நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து, பச்சைப் பட்டையைப் பார்த்தான். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

அவர் சொன்னதை என் நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன். ஒன்றிரண்டு சொற்கள் முன்பின்னாக இருக்கலாம்.

"வணக்கமுங்க. நான் தாரணி. சண்டையில்லா வீட்டுல இருந்து பேசறேன். இந்த வீட்டுல சண்டை இல்லாதது உண்மைதானுங்க. நான் பேசறது இங்க யாருக்கும் கேக்காது. இவரு உங்களுக்குச் சொல்ற பொறுமை, விட்டுக்குடுக்கறது, அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஒரே ஒரு பட்டன். எங்காலுல ரசம் கொட்டி நான் கூப்பிட்ட அன்னிக்கு, இவரு அடுத்த ரூம்புல உக்காந்து, எங்குரல் இரைச்சல்னு மெசினுக்குச் சொல்லிக் குடுத்தாரு. இப்பவும் எம்பக்கத்துலதான் இருக்காரு. நான் என்ன சொல்றேன்னு தெரியாது. பச்சைக் கோடு ஆடுது. தலையாட்டறாரு."

தலையாட்டிக்கொண்டுதான் இருந்தான். கட்டைவிரலை உயர்த்தி அவருக்கு உற்சாகம் காட்டினான்.

பிறகு அவர் பேசாமல் இருந்தார். நீளமான மௌனம். பட்டை தரையோடு கிடந்தது. பூபதி என்னைப் பார்த்தான். நான் கையைக் காட்டி, பொறு என்றேன். அவர் தாளை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவ்வளவுதானுங்க," என்றார்.

நிறுத்தி, ஹெட்போன் வயரை லேப்டாப்பிலிருந்து உருவினேன்.

"நல்லாப் பேசினாளாண்ணா? உணர்ச்சியாப் பேசினாளா?"

"நல்லாப் பேசினாங்க."

அவன் முன்னால் குனிந்து, ஓடவிடும் பொத்தானை அழுத்தினான். பட்டை துள்ளியது. அவன் முகம் சுருங்கியது. "எனக்குச் சத்தமே வரலீங்களே."

தாரணி அசையாமல் உட்கார்ந்திருந்தார். பொய் சொல்லக் கூடாது என்று அந்தக் கணம் முடிவு செய்தேன். நல்லவனாக இருக்க வேண்டும் என்பதற்காக இல்லை. அவனிடம் பொய் சொன்னால் நானும் அவனுடைய நிகழ்ச்சியில் ஒரு பங்காகிவிடுவேன் என்ற அருவருப்பு.

"உன் காதுக்கு வராது. நீ கேட்ட மாதிரிதான் செஞ்சிருக்கேன். பதிவானாலும் அது அவங்க குரல்தானே, உன் பட்ஸ் எடுத்துடும். கேக்கணும்னா கழட்டிட்டுக் கேளு."

அவன் கை காதுவரை போனது. இயர்பட்டின் விளிம்பில் விரல் பட்டது. சற்றே நெகிழ்த்தியிருப்பான் போல, வெளியே பாறை துளைக்கும் சத்தம் ஒரு கீற்றாக உள்ளே போயிருக்க வேண்டும். முகத்தைச் சுளித்து, மறுபடி உள்ளே அழுத்திக்கொண்டான்.

"அந்த எளவுச் சத்தத்துல யாருண்ணா கழட்டறது? நீங்கதான் கேட்டுட்டீங்களே. போதும். நடுவுல கொஞ்சம் கேப் விட்டாளே, அத மட்டும் வெட்டிருங்க."

"அத வெட்ட வேண்டாம்," என்றேன். "அதுதான் நல்லா இருக்குது."

"நீங்க சொன்னாச் சரிங்ண்ணா. உங்களுக்குத்தான் அந்த நெளிவுசுளிவு தெரியும்." சனிக்கிழமை காலை தானாக வெளியாகும்படி அவனே நேரத்தைக் குறித்து அனுப்பினான். தாரணி காபி கொண்டுவந்தார். ஆறிப்போய் ஏடு படிந்திருந்தது. அதைக் குடித்தேன். இயர்பட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததைப் பிறகு தாரணி சொல்லிக் கேட்டேன். பையோடு வாசலில் நின்று, "நான் போறேனுங்க, இனி வரமாட்டேன்," என்று சொன்னாராம். சொல்லாமல் போனதாக யாரும் பேசக் கூடாது என்பதற்காக, வாய்விட்டு மூன்று தடவை சொன்னாராம். பூபதி சோபாவிலிருந்து பையைப் பார்த்துவிட்டு, "அம்மா ஊட்டுக்கா? பஸ்ல பாத்துப் போ," என்றானாம்.

சனிக்கிழமை நண்பகலில் போன் வந்தது.

"வேலுண்ணா, ஜனங்க என்னென்னமோ எழுதறாங்க. 'த்தூ'ன்னு எழுதியிருக்கான் ஒருத்தன். நானும் நாலஞ்சு தடவை போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணுமே கேக்கலீங்க. மைக்கு மறுபடியும் போயிருச்சா?"

"மைக் நல்லாத்தான் இருக்குது. பட்ஸக் கழட்டு, பூபதி. கழட்டிட்டுக் கேளு."

போனை மேசையில் வைக்கும் சத்தம். அவன் வீட்டுப் போன் தாரணியின் குரலை எனக்கு அனுப்பாது என்பதால், அவன் கேட்டுக்கொண்டிருந்த நேரம் முழுவதும் எனக்கு வந்தது மௌனம் மட்டும்தான். என் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த ஒரே மௌனம் அதுதான் என்று சொல்ல ஆசை. பிடிக்கவில்லை. அதில் அவன் மூச்சுச் சத்தம் இருந்தது, இரைச்சல் மாதிரியில் கேட்ட அதே மூச்சு.

பிறகு போனை எடுத்தான். "இத டெலிட் பண்ண முடியுங்களாண்ணா?" என்றான். அவர் கால் எப்படி இருக்கிறது, எங்கே போனார் என்று எதையும் கேட்கவில்லை.

அவன் நீக்குவதற்குள் பிரதிகள் பரவிவிட்டன, ஒரு வாரம் ஊரெல்லாம் அதைக் கேட்டது. திட்டினார்கள், கேலி செய்தார்கள், அழுதேன் என்று எழுதினார்கள். வந்த எழுத்துகளை நான் உட்கார்ந்து வாசித்தேன். வாசிப்பது என் தொழில். திட்டுகளுக்கு நடுவில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. ஆண்களும் கேட்டிருந்தார்கள், பெண்களும் கேட்டிருந்தார்கள், மாமியாருக்காக, அப்பாவுக்காக, பேசத் தொடங்கிய குழந்தைக்காக: 'அந்த செட்டிங் எங்க இருக்கு?' அதற்கு யாரோ படம் போட்டு விளக்கியிருந்தார்கள். நன்றி சொல்லியிருந்தார்கள். வாஷ்பேசினில் போய்த் துப்பிவிட்டு வந்தேன். வாயில் ஒன்றும் இல்லை.

மென்பொருள் நிறுவனம் தவறுக்கு வருந்துவதாக ஓர் அறிக்கை விட்டது. அடுத்த பொங்கலுக்கு 'இல்ல அமைதி' என்ற பெயரில் அதையே மாதச் சந்தா வைத்து விற்றது. அதன் அறிமுக நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவன் பூபதி. நெய்க்குரல் கொஞ்சமும் குறையவில்லை. இப்போது அவன் தொடருக்கு முன்னைவிடப் பல மடங்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான்காவது மாடியை விட்டு வில்லா ஒன்றுக்குக் குடிபோய்விட்டான்.

மிதுன் சென்னையில் பொறியியல் படிக்கிறான். அம்மாவின் பட்டன் போனுக்கு எப்போதாவது கூப்பிடுகிறான். அவர் எடுக்கிறார். அதிகம் பேசுவதில்லை என்கிறார்.

நான் இயர்பட் போடுவதை நிறுத்திவிட்டேன். மேம்பாலச் சத்தத்தில் வலது காது பாதி போய்விட்டது. விருந்தாளியாக யாரும் என்னை அதிகம் அழைப்பதில்லை, அழைத்தாலும் வாசலில் நான் இணைவதில்லை. இன்னும் அலமாரிக்குள் உட்கார்ந்து புத்தகம் வாசிக்கிறேன்.

தாரணி கோத்தகிரியில் பதினோராம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். காலில் தழும்பு அப்படியே இருக்கிறது. குளிர்காலத்தில் அது இழுத்துப் பிடிக்கிறதாம்.